கப்பலுக்குப் பதினாறாம் நாள்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதனால் அவருக்கு இன்னும் கொஞ்சம் பெருமை சேரும். சேர்ந்த வரைக்கும் போதும்.

கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் இலை காய வைக்கும் அடுப்புப் பிரிவில் வேலை. நான் இலை லோரி ஓட்டுகிறவன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பத்து மூன்று. பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத ஆள். கழுத்தில் ஒரு துண்டு, சட்டைப் பையில் ஒரு பென்சில். அவரைப் பற்றி யார் கேட்டாலும் லைனில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அந்த மனுசனுக்கு அவசரமே கிடையாது லா."

அது சும்மா சொல்கிற பேச்சல்ல. பள்ளி விடுமுறைக் காலத்தில் கியா பார்ம் சாலை எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராபெரி வாங்க வந்த காடிகள், கார் வேன் எல்லாம், ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். நானெல்லாம் ஹார்ன் அடித்தே பாதி ஆயுளைத் தொலைத்தவன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர்போல உட்கார்ந்திருப்பார். பிரிஞ்சாங்கிலிருந்து கீழே இறங்கும்போது முன்னால் காய்கறி லோரி போனால், அதை முந்தவே மாட்டார். கேட்டால், "அவனும் அங்கதானே போறான்" என்பார். இந்த மாதிரி ஆளோடு ஒரே வண்டியில் போனால் நல்லவனுக்கும் கெட்ட வார்த்தை வரும்.

இப்படிப்பட்டவருக்கு அந்த விளையாட்டைக் காட்டிக்கொடுத்தது நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டில் புதிதாக வாங்கிய கணினியில் போர்க்கால நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காக்காரனின் நீர்மூழ்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பி, ஜப்பான்காரன் கப்பல்களைத் தேடிப் போய் மூழ்கடிக்க வேண்டும். நான் ஒரு மணி நேரத்தில் பதினோரு கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கப்பல் இங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"மேப்புல காட்டுதுண்ணே."

"மேப்புக்கு யாரு சொன்னா?"

நான் அடுத்த கப்பலைத் தேடப் போய்விட்டேன். மறு வாரம் அவர் கம்போங் ராஜாவில் யாரிடமோ பழைய கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த விளையாட்டில் உதவிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். எதிரி இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டுவது, தூரத்தைத் தானே கணக்குப் போடுவது, டார்பிடோவைத் தானே குறி பார்ப்பது, ஒரு நாளை ஒரு நிமிடத்தில் ஓட்டிவிடுவது. அவர் அதை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில் அவரிடம் மிஞ்சியது ஒரு பெரிஸ்கோப், ஒரு கடிகாரம், ஒரு வரைபடம், ஒரு ஸ்கேல், சட்டைப் பையிலிருந்த அந்தப் பென்சில். எதிரிக் கப்பலின் கொடிமரம் கண்ணாடியில் எத்தனை கோடு உயரம் தெரிகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போட வேண்டும். மூக்கு கடந்ததிலிருந்து வால் கடக்கும்வரை எத்தனை நொடி என்று பார்த்து வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். ஏதாவது ஒன்று பிசகினாலும் டார்பிடோ வெறும் தண்ணீரில் போய்ச் சேரும்.

முதல் இரண்டு மாதம் அவர் ஒரு கப்பலைக்கூடத் தொடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். "என்னண்ணே, இன்னிக்கும் மீனுக்குத்தான் குண்டா?" என்று தினமும் வேலி மேல் சாய்ந்து கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கி பின்னால இருவது அடியிலதான் போச்சு. நேத்து நூறு அடி" என்பார். தோற்றவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருக்கக் கூடாது. நான் பதினோரு கப்பல் மூழ்கடித்த அன்று என் முகம் அப்படி இருக்கவில்லை. எனக்கே தெரியும்.

அதுவரைக்கும் வெறும் எரிச்சல்தான். பொறாமை என்று சொல்லும்படி ஆனது அப்பாவால்.

என் அப்பா அதே எஸ்டேட்டில் நாற்பது வருடம் மருந்து தெளிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு என்னோடு இருந்தார். ஒரு காது மந்தம். நான் பேசுவது கேட்காது. கேட்கவில்லையே என்று நான் சத்தம் போடுவேன். சத்தம் போடுகிறானே என்று அவர் எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை என்றால் இவ்வளவுதான். அப்படி எழுந்து போனவர் ஒருநாள் அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அந்த மனிதர் பெரிய ஹெட்போன் ஒன்றை அப்பாவின் தலையில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். தண்ணீருக்கு அடியில் இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தூரத்துக் கப்பலின் சுழலி அடிக்கிற ஒலியைக் கேட்டுத்தான் திசை பிடிக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாராம். "அந்தப் பக்கம். ரெண்டு இருக்கு. ஒன்னு பெருசு." போய்ப் பார்த்தால் இரண்டு. ஒன்று பெரியது.

அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னார். அவராக வந்து என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சும்மா கேம்ப்பா" என்றேன். அவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு டிபனை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏழு மணிக்கு ஏன் என்றால், அங்கே வேலை ஏழு மணிக்கு. நான் சொன்னேனே, அந்த மனிதர் நேரத்தை ஓட்டிவிடுகிற வசதியை அணைத்துவிட்டார் என்று. கப்பல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக மூன்று நாள் என்றால், மூன்று நாள்தான். இரவில் நிறுத்திவைத்துவிட்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து ஓட விடுவார். அவர் தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தில் யாராவது கப்பலைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே? அப்பா பார்த்துக்கொண்டார். மணிக்கு ஒரு தடவை பெரிஸ்கோப்பை ஏற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பார்த்ததைத் தமிழில் ஒரு நீளமான நோட்டில் எழுத வேண்டும். ஏதாவது கப்பல் தெரிந்தால், ஒரே ஒரு பொத்தானை அமுக்கி ஆழத்துக்கு இறக்கிவிட்டு, தொழிற்சாலை வாசலுக்கு நடந்து போய்க் காவல்காரரிடம், "கப்பல் வந்திருச்சுன்னு உள்ள சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். காவல்காரர் நேபாளி. முதல் தடவை பயந்துபோய் ஆபீஸ் கிராணியைக் கூப்பிட்டாராம். பிறகு அவரும் பழகிக்கொண்டார்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் கப்பல் ஆட்கள் எழுபது பேரின் பெயரும் இருந்தது. விளையாட்டில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களை அந்த மனிதர் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் உட்கார்ந்ததும் அப்பா முதலில் செய்வது பெரட்டு. எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. நாற்பது வருடம் கங்காணி கூப்பிட "இருக்கேன்" என்று சொன்னவர், இப்போது எழுபது வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

நான் இதைப் பார்த்தது சன்னல் வழியாக. லோரியை எடுக்கப் போகும் வழியில் நின்று பார்த்தேன். என் வீட்டில் சும்மா கிடந்த மனிதர் அவர். அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு கூத்து. லைனுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் இருவரும் போய் நிற்பார்கள். அங்கிருந்து பார்த்தால் தேயிலைச் சரிவு முழுவதும், நடுவில் போகும் ரோடும் தெரியும். ரோட்டில் வண்டி வரும்போது அந்த மனிதர் ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடிப்பார். அப்பா கையில் ஸ்டாப் வாட்ச். பனி மூட்டம் இறங்கினால் இன்னும் குஷி. "கடல்ல இப்படித்தான் இருக்கும் மாமா." ஞாயிற்றுக்கிழமையும் இலை எடுக்கிற பருவத்தில் அந்த ரோட்டில் வேறு என்ன வண்டி வரும்? என் லோரிதான்.

"தம்பி, நேத்து உன்ன ரெண்டு தடவ முக்கிட்டோம்" என்று வேலியோரம் வந்து சொன்னார். "அந்தக் கரண்டுக் கம்பத்துகிட்ட கொஞ்சம் மெதுவா வந்தே, அதனால மூனாவது தப்பிச்சுட்ட."

அப்பா பக்கத்தில் நின்று சிரித்தார். நான் அந்த லோரியை ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். அப்பா அதை ஏறெடுத்துப் பார்த்தது அந்த மாதம்தான். அதுவும் இன்னொருவர் குறி வைப்பதற்காக.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒருநாள் சாயங்காலம் நானும் உள்ளே போனேன். நேரம் பார்த்துப் போனேன் போலிருக்கிறது. மேலே எதிரியின் போர்க்கப்பல் வட்டமடித்து, தண்ணீருக்குள் வெடிகுண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்து, சத்தமே இல்லாமல் கப்பல் ஆழத்தில் கிடந்தது. சத்தமில்லாமல் கிடந்தது கப்பல் மட்டுமல்ல. அந்த வீடே கிடந்தது. அவர் மனைவி டிவியை அணைத்திருந்தார். குக்கர் விசில் அடிக்கக் கூடாதென்று அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரும் அப்பாவும் தலையைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னக்கா, கேமுக்குக் காது இருக்கா? நம்ம பேசுறது ஜப்பான்காரனுக்குக் கேட்டுருமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். காது மந்தமான மனிதர், என் சத்தம் அவருக்கு அன்றைக்குக் கேட்டுவிட்டது.

அக்காதான் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "விடு தம்பி. கேக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும். அந்த எழுவது பேரு வாயப் பொத்திக்கிட்டு இருக்கான், நம்ம மட்டும் கத்துனா நல்லாவா இருக்கும்னு உங்கப்பாதான் சொன்னாரு."

முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. குண்டுச் சத்தம் விலகி விலகிப் போய் நின்றது. அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமா, பொழச்சோம்" என்றார். அப்பா சத்தமாகச் சிரித்தார். இருவரும் கோப்பி குடித்தார்கள். இந்த விளையாட்டை ஆட்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து ஆடுகிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. கப்பலை மூழ்கடிக்கிற சுகம் ஒரு நிமிடச் சுகம். எதுவும் தெரியாத இடத்தில் கணக்குப் போட்டு, காதை வைத்துக் கேட்டு, காத்திருந்து, உயிரோடு வெளியே வருவது வேறு. அதை யாரும் உனக்குச் சும்மா கொடுக்கவில்லை என்பது வேறு. புரிந்தது, புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை, கூடியது. என் அப்பா பிழைத்தது அவரோடு, என்னோடு அல்ல.

அவர்களுடைய முதல் கப்பல் மூழ்கியபோது நான் ஊரில் இல்லை. அந்த மனிதருக்கு ஒரு சட்டம் உண்டு: மூழ்கினால் மூழ்கியதுதான். நிறுத்திவைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவது கிடையாது. புதுக் கப்பல், புது ஆட்கள், துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் மறுநாளே தொடங்கப் போனவரை அப்பா தடுத்திருக்கிறார். "எழுவது பேரு போயிருக்கான். நாளைக்கே புதுக் கப்பலா? ஒரு பதினாறு நாளாவது விடு தம்பி." அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. கணினிமேல் வெள்ளைத் துண்டு போர்த்திவிடுவார்கள். பதினாறாம் நாள் அக்கா கேசரி கிண்டி நாலு வீட்டுக்குக் கொடுப்பார். பிறகுதான் புதுக் கப்பல். லைனில் எல்லோரும் சிரித்தார்கள். கேசரியை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கப்பல்தான் அவர்களுடைய செல்லக் கப்பல். நாலு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் குவாந்தானைக் கண்டு அப்பா துள்ளிக் குதித்தது அதில்தான். நம் கடலுக்குள்ளேயே புகுந்து ஐந்து கப்பல்களை மூழ்கடித்திருந்தார்கள். அப்பாவுடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய், அவர் திரும்பி வரவேயில்லை. அதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் அப்பா நோட்டில் அடிக்கோடு போட்டிருந்தார். ஆனால் மூழ்கடித்ததைவிட, ஊர் திரும்புவதில்தான் அவருக்கு ஆசை. "எழுவது பேரையும் கொண்டுபோய் விட்டுறணும்" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார். இன்னும் ஒன்பது நாள் பயணம். பாலித் தீவை ஒட்டிய குறுகலான கடலைத் தாண்டிவிட்டால் ஆஸ்திரேலியா.

அன்றைக்கு அப்பாவுக்குத் தானா ராத்தா கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கிற நாள். எனக்கு லீவு. ஒன்பது மணிக் கணக்கை நோட்டில் எழுதிவிட்டு வேனுக்குக் கிளம்பியவர், திரும்பி என்னிடம் வந்து நின்றார்.

"டேய், ஒரு ரெண்டு மூனு மணி நேரம் அங்க போய் உக்காரு. தம்பி வேலைக்குப் போயிட்டான். அங்க இப்ப பகலு. பகல்ல மேல வரவே கூடாது, பிளேன் சுத்தும். அடியிலயே போவட்டும். மணிக்கு ஒருக்கா பெரிஸ்கோப்ப ஏத்திப் பாரு, எழுது. வேற ஒன்னும் தொடாத."

அவர் என்னிடம் எதையாவது ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. நான் போய் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் ஒரு பூரிப்பு இருந்தது உண்மை. பத்து நிமிடம் இருந்தது. திரையில் வெறும் பச்சைத் தண்ணீர். கடிகார முள் நகர்கிறது. கப்பல் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போகிறது. இதையா இவர் நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. பிறகு இன்னொன்று தோன்றியது: இவர்கள் ஒன்பது நாள் உருட்டுகிற தூரத்தை நான் இரண்டு மணி நேரத்தில் கடந்து, அப்பா வரும்போது கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திக் காட்டினால்? "பாருங்கப்பா, கொண்டு வந்துட்டேன்" என்று சொன்னால்? அந்த மனிதர் முகம் எப்படி இருக்கும்?

அணைத்து வைத்திருந்த, நேரத்தை ஓட்டிவிடுகிற வசதியைத் திறந்தேன். அடியில் போனால் மெதுவாகத்தானே போகும் என்று மேலே கொண்டு வந்தேன். வேகத்தைக் கூட்டினேன். நாலைந்து நொடிதான். வேகம் தானாகக் குறைந்தபோது விமானம் தலைக்கு மேல் இருந்தது. முங்கச் சொன்னேன், பாதி முங்குவதற்குள் முதுகில் குண்டு விழுந்தது. எழுபது பேரோடு கப்பல் போயிற்று. மணி பத்தேகால்.

எட்டிப் பார்த்தேன், அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் தெரியாமல் முந்தின நாள் இரவு நிறுத்திவைத்த இடத்தைத் திறந்து, தண்ணீருக்கு அடியிலேயே வேகமாக ஓட்டி, கப்பல் கடிகாரத்தைச் சரியான மணிக்குக் கொண்டு வந்து நிறுத்தினேன். வேக வசதியை மறுபடி அணைத்தேன். நோட்டில் எழுதினேன்: "பத்து மணி. ஒன்றும் இல்லை. பதினொரு மணி. ஒன்றும் இல்லை." பன்னிரண்டுக்கும் அதையே எழுதினேன். கை வேர்த்திருந்தது. கேமரன் மலைக் குளிரில் வேர்ப்பதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா பன்னிரண்டரைக்கு வந்தார். நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு மணிக்கு அந்த மனிதர் வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கி இவந்தான் பாத்துக்கிட்டான். ஒழுங்கா பாத்துக்கிட்டான்" என்று அப்பா சொன்னார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இல்லை. அவ்வளவு பசியாக இருந்திருக்கிறேன்.

அந்த மனிதர் நோட்டை எடுத்துப் படித்தார். பெரிஸ்கோப்பை ஏற்றினார். மறுபடி நோட்டைப் பார்த்தார். அப்பா காலையில் எழுதியது இருந்தது: "ஒன்பது மணி. நல்ல மழை. அலை பெரிசு. பெரிஸ்கோப் முழுவதும் தண்ணீர்." திரையில் கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த விளையாட்டில் மழை பிடித்தால் ஒரு நாளாவது விடாது; முந்தின நாளிலிருந்து நான் ஓட்டியபோது வானிலை வேறு மாதிரி விழுந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவேயில்லை. வானத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் எனக்கு ஏது?

அவர் நோட்டை மூடினார். "மாமா, அவகிட்ட ஒரு கோப்பி போடச் சொல்லுங்களேன்" என்றார். அப்பா அடுப்படிக்குப் போனதும் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தன மணிக்கு?"

"என்னண்ணே?"

"எத்தன மணிக்கு முங்குச்சு?"

"பத்தேகாலு."

"பிளேனா?"

"ம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். "மாமாகிட்ட நீ சொல்றியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை யார் ஜெயிக்க முடியும்? அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது. அப்பா அக்காவிடம், என் மகன் பார்த்துக்கொண்டான் என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயில் அது வந்து வந்து நின்றது. வெளியே வரவில்லை. அப்பா கோப்பியோடு வந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாமா, நாந்தான். இன்னிக்கி வேலை முடிஞ்சு வந்து, சீக்கிரம் கொண்டாந்து சேத்துறலாமுன்னு மேல ஏத்தி ஸ்பீடா விட்டுட்டேன். பிளேன் அடிச்சிருச்சு. எழுவது பேரும் போயிட்டான்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாகப் போய் அந்த மனிதரின் தோளில் கையை வைத்தார். கையை எடுக்கவேயில்லை. "பரவால்ல லா. நீ என்ன வேணும்னா பண்ணின? ஊரு பக்கத்துல வந்தா யாருக்கும் கால் வேகமாத்தான் போவும்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "நேத்து இவன் மூனு மணி நேரம் ஆடாம அசையாம பாத்துக்கிட்டான், இன்னிக்கி நீ விட்டுட்ட பாரு" என்று சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் எனக்குத் தோன்றியது பொறாமைதான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுபோல, என் தப்பைக்கூட எடுத்துக்கொண்டுபோய் அவர் கணக்கில் அப்பாவின் அன்பை வாங்கிக்கொண்டாரே என்று இருந்தது. அந்தக் கை என் தோளுக்கு வர வேண்டியது.

கணினிமேல் வெள்ளைத் துண்டு விழுந்தது. பதினாறு நாள் அப்பா காலையில் எழுந்து, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பதினாறாம் நாள் அக்கா கேசரி கொண்டுவந்தார். முந்திரி நிறையப் போட்டிருந்தார். அப்பா என் தட்டில் இரண்டு கரண்டி வைத்து, "சாப்பிடு, அந்தக் கப்பல்ல நீயும் ஒருநாள் வேலை பாத்திருக்க" என்றார். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் இரண்டு கப்பல்கள் ஓட்டினார்கள். ஒன்று ஊர் திரும்பியது. அன்றைக்கு லைனே சிரிக்கும்படி அப்பா சட்டை மாற்றிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அந்த மனிதர் மனைவியின் ஊரான கூலிம் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஹெட்போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் என் கணினியில் எல்லா உதவிகளையும் அணைத்து, ஒரு நீள நோட்டு வாங்கி வைத்து, "வாங்கப்பா, பெரட்டு எடுங்க" என்று கூப்பிட்டேன். மூன்று நாள் வந்து உட்கார்ந்தார். நாலாம் நாள், "கண்ணு வலிக்குது" என்றார். நான் திரையைப் பார்ப்பதைவிட அவர் முகத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

போன வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு சாயங்காலம் தலையணையைச் சாய்த்துவைத்து, கோப்பையில் மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கியிருந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ, திடீரென்று பேச்சைத் தொடங்கினார்.

"ஒம்பது நாள்ல ஊரு சேந்திருக்கும்."

எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை.

"அவன் கெட்டிக்காரன். அது எல்லாத்துக்கும் தெரியும். ஆனா எனக்கு அவன ரொம்பப் புடிச்சது அன்னிக்குத்தான். நாலு மாசம் கஷ்டப்பட்டத ஒரே நாள்ல விட்டுட்டு, வாசல்ல வந்து நின்னு, மாமா நாந்தான்னு சொன்னான் பாரு. சும்மா இருந்திருக்கலாம். எனக்கென்ன தெரியும்? யாருடா அப்படி வந்து சொல்வா?"

என் முகத்தையே பார்த்தார். பதில் கேட்டுப் பார்த்தாரா, காது கேட்காததால் என் உதட்டைப் பார்த்தாரா, தெரியவில்லை. அவருக்குக் கேட்க வேண்டுமென்று குனிந்து, நல்ல காதருகே வாயைக் கொண்டுபோனேன்.

"யாருப்பா சொல்வா," என்றேன். கோப்பையை மறுபடி அவர் வாயருகே பிடித்தேன்.